ஆவணி பதினான்காம் தேதிக்கு விடுப்பு

ஆடி 26, ஞாயிறு

இந்த நோட்டைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துகள் கோட்டின் மேல் உட்காருவதில்லை. சிலது எழுந்து நிற்கிறது, சிலது படுத்துவிடுகிறது. 'ழ' பக்கத்து எழுத்தின் மேல் காலைப் போட்டுக்கொள்கிறது. நாற்பது கிலோ அண்டாவைத் தூக்கிப் பழகிய விரல்களுக்குப் பேனா இருப்பதே தெரியவில்லை. இறுக்கிப் பிடித்தால் தாள் கிழிகிறது. விட்டுப் பிடித்தால் பேனா விழுகிறது. இதுவரை எழுதியதற்கே ஒரு டம்ளர் டீ ஆறிவிட்டது.

என் பெயர் சென்னியப்பன். வயது அறுபத்தேழு. கோபி போகும் சாலையில் உள்ள கல்யாண மண்டபத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. பாத்திர அறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. கேட்டுக்குப் பக்கத்து அறையில் குடியிருக்கிறேன். மனைவி இறந்துவிட்டாள். பிள்ளைகள் கிடையாது.

போன கார்த்திகையில் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு ஆரம்பித்தார்கள். ஜமுனா டீச்சர்தான் இந்த நோட்டைக் கொடுத்தார். "தினமும் நாலு வரி எழுதுங்க ஐயா. ஞாயித்துக்கிழமை திருத்தித் தரேன். தப்பு வந்தாப் பரவாயில்ல, நெசமா எழுதுங்க" என்றார்.

நாலு வரிக்கு மேலேயே ஆகிவிட்டது. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ஆடி 28, செவ்வாய்

ஆடியில் கல்யாணம் இல்லை. மண்டபம் காலி. கண்ணில் படுவதையெல்லாம் படித்துக்கொண்டு திரிகிறேன். தீப்பெட்டி, உப்புப் பாக்கெட், பஸ் முதுகு, ஒன்றையும் விடுவதில்லை.

குழாயடிச் சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருக்கிறது. ஏதோ சாமி பெயர் என்று நினைத்து வெள்ளிக்கிழமை தோறும் பொட்டு வைப்பேன். இன்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இங்கே பாத்திரம் கழுவக் கூடாது.' இருபத்திரண்டு வருடமாக அதன் அடியில்தான் ஆட்களை உட்கார வைத்துப் பாத்திரம் கழுவ வைக்கிறேன்.

மேனேஜர் வாசுதேவனிடம் சொன்னேன். "அண்ணே, ஆயுத பூசைக்கு அதுக்கு மாலை வேற போட்டீங்க. நானும் ஏதோ வேண்டுதல்னு உட்டுட்டேன்" என்றார். இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

ஆடி 30, வியாழன்

ஜமுக்காளங்களை வெயிலில் போட்டேன். மோட்டாருக்கு எண்ணெய் விட்டேன்.

மதியம் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை எடுத்தேன். அதில் சில தாள்கள் இருக்கின்றன. பத்தாவதை இன்று படித்து முடித்தேன். எட்டு நாள் ஆனது. பெட்டியைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

ஆவணி 2, ஞாயிறு

டீச்சர் ஏழு இடத்தில் சிவப்பு மை போட்டார். "பெட்டில என்ன ஐயா இருக்கு?" என்று கேட்டார். பழைய தாள் என்றேன். என்னோடு படிக்கும் ராக்கம்மாள், "காதல் கடுதாசியா இருக்கும் டீச்சர், மூஞ்சியப் பாருங்க" என்றாள். அவளுக்கு இன்னும் 'ஐ' எழுத வராது. பேச்சு மட்டும் நன்றாக வருகிறது.

ஆவணி 5, புதன்

நிஜமாக எழுதச் சொன்னார் டீச்சர். முதல் பக்கத்தில் ஒரு வரி பொய். அந்த வரியில் சிவப்பு மை படவில்லை.

எனக்கு ஒரு மகள் உண்டு. பூங்கோதை. பதினொரு வருடத்துக்கு முன்பு இதே மண்டபத்தில் அவளுக்குக் கல்யாணம் வைத்தேன். முதலாளி சரஸ்வதி அம்மா மண்டபத்தைச் சும்மாவே கொடுத்தார். அரிசியும் பருப்பும் அவர் வீட்டிலிருந்தே வந்தன. முகூர்த்தத்தன்று விடியும்போது பெண் அறையில் பெண் இல்லை. மண்டபத்துக்குச் சீரியல் லைட் கட்ட வந்த அந்தோணிராஜுடன் திண்டுக்கல் போய்விட்டாள். உள்ளே நானூறு பேருக்கு இட்லி வெந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டில் நின்று கத்தினார்கள். சரஸ்வதி அம்மா என்னைப் பார்த்தார். எல்லோர் காதிலும் விழும்படி, "எனக்கு மகளே கிடையாது" என்று சொன்னேன். அதற்குப் பிறகு இந்த மண்டபத்தில் யாரும் அவள் பெயரைச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

அவள் வருடா வருடம் பொங்கலுக்குக் கடிதம் போட்டாள். தபால்காரர் கேட்டில் என் கையில் கொடுப்பார். கிழித்துப் போட மனம் வரவில்லை. யாரிடமாவது படிக்கக் கொடுத்தால், மகள் இல்லை என்றவனுக்குக் கடிதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பெட்டியில் போட்டுப் பூட்டினேன். பதினொரு பொங்கலுக்குப் பதினொரு கடிதம். இந்த ஆடியில் மட்டும் பொங்கல் இல்லாமலே ஒன்று வந்தது. அதையும் கடைசியில் வைத்தேன். வரிசை மாறிப் படித்தால் நடுவில் நடந்தது தெரியாமல் போய்விடும்.

பஸ் போர்டு படிப்பதற்காகத்தான் வகுப்பில் சேர்ந்தேன் என்று டீச்சரிடம் சொல்லியிருந்தேன். அதுவும் ஒரு காரணம்.

சித்திரையில் முதல் கடிதத்தைப் பிரித்தேன். முடிக்க இருபது நாள் ஆனது. 'அப்பா, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று உங்களிடம் மூன்று முறை சொன்னேன். பெண் அறையின் பின்கதவு பூட்டியிருந்தது. சுவர் ஏறிக் குதித்தேன். கால் பிசகி ஒரு மாதம் நொண்டினேன்' என்று எழுதியிருந்தாள்.

அவள் நான்கு முறை சொன்னாள். எனக்கு நினைவிருக்கிறது. ஒன்றைக் குறைத்து எழுதியிருக்கிறாள்.

ஆவணி 7, வெள்ளி

நேற்றும் இன்றும் முகூர்த்தம். எண்ணூறு இலை. கை வலிக்கிறது.

ஆவணி 9, ஞாயிறு

பதினொன்றாவது முடிந்தது. வாடகை வீட்டில் முருங்கை மரம் இருக்கிறதாம். அதைப் பற்றியே ஒரு பக்கம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இன்று வகுப்புக்குப் போகவில்லை.

ஆவணி 10, திங்கள்

காலையில் கடைசிக் கடிதத்தைப் பிரித்தேன். ஒரு பக்கம்தான். மாலைக்குள் படித்துவிட்டேன். இவ்வளவு வேகமாக நான் எதையும் படித்ததில்லை.

'அப்பா, இத்தனை வருடம் கழித்து உண்டாகியிருக்கிறேன். வயது முப்பத்தைந்து, சர்க்கரையும் இருக்கிறது. ஆப்பரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை. நல்ல நாள் என்று எல்லோரும் அந்த நாளையே கேட்கிறார்கள், எனக்கும் அதுவே கிடைத்தது. பயமாக இருக்கிறது. அம்மா இருந்திருந்தால் அம்மாவைக் கூப்பிட்டிருப்பேன். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும். இதை உங்களுக்கு யார் படித்துச் சொல்வார்கள் என்று தெரியவில்லை.'

ஆபீஸ் காலண்டரில் தேடினேன். ஆகஸ்ட் 30 என்பது ஆவணி 14. இந்த வெள்ளிக்கிழமை.

கடிதம் ஒரு மாதத்துக்கு முன்பே வந்துவிட்டது. வரிசைப்படி படிக்கிறேன் என்று நான்தான் அடியில் வைத்திருந்தேன்.

ஆவணி 11, செவ்வாய்

நல்ல நாள் என்றால் இங்கேயும் நல்ல நாள்தான். வெள்ளிக்கிழமை ஆலைக்காரர் வீட்டுக் கல்யாணம். ஆயிரத்து இருநூறு இலை. வியாழன் மாலை வரவேற்பு. மேனேஜரிடம் போய் இரண்டு நாள் லீவு வேண்டும் என்றேன். அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"அண்ணே, வெளையாடாதீங்க. பாத்திர ரூம்புக்குள்ள எது எங்க கெடக்குதுன்னு உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். போன வருசம் உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப ஜல்லிக்கரண்டி தேடியே சமையல் மாஸ்டர் அழுதுட்டாரு."

"போயே ஆவோணுங்க."

"என்ன விசயம்?"

காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் நல்ல மனிதர். வற்புறுத்தவில்லை. "சரி, லெட்டர் எழுதிக் குடுங்க, அம்மாகிட்டக் காட்டறேன். காய்ச்சல்னு போடுங்க. சாவுன்னாத்தான் உடனே உடுவாங்க. பெரியப்பா யாராச்சும் இருக்கறாரா?"

"எனக்குப் பெரியப்பான்னா அவருக்கு நூறு வயசுக்கு மேல ஆவோணுங்க."

"அப்ப நம்புவாங்க. நூறு வயசுல சாவறதுல என்ன தப்பு?"

அறைக்கு வந்து உட்கார்ந்தேன். டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி அனுப்புநர், பெறுநர் எல்லாம் போட்டேன். 'எனக்குக் காய்ச்சல்' என்று எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதும் முதல் கடிதம். அது பொய்யாக இருக்க வேண்டாம் என்று தோன்றியது. அதைக் கிழித்துவிட்டு 'சொந்த வேலை இருப்பதால்' என்று எழுதினேன். அது பொய் இல்லை.

ஆவணி 12, புதன்

சரஸ்வதி அம்மா வீட்டுக்கு வரச் சொன்னார். என் கடிதம் அவர் மடியில் இருந்தது. எழுபத்தைந்து வயது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"கையெழுத்து யாரோடது சென்னியப்பா?"

"என்னோடதுதானுங்."

"அடேங்கப்பா." கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதென்ன சொந்த வேலை? இருவத்திரண்டு வருசமா உனக்கொரு சொந்த வேலையும் வந்ததில்ல. ஆலைக்காரர் ஊட்டு முகூர்த்தத்தன்னைக்குத்தான் வருமா?"

தரையைப் பார்த்தேன். அவர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு பேனாவும் கொடுத்தார்.

"வாயில சொல்ல வரலீன்னா எழுது. அதுதான் வருதே இப்ப."

வாசல் படியில் உட்கார்ந்து எழுதினேன். முதலில் அவள் பெயரை மட்டும் எழுதினேன். நான்கு எழுத்துதான். அதற்கே நெற்றி வேர்த்தது. பிறகு அதற்கு முன்னால் 'என் மகள்' என்று சேர்த்தேன். அம்மா வீட்டுச் சமையல்காரி மோர் கொண்டுவந்து வைத்தாள். மோரில் ஈ விழுந்தது. நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

'என் மகள் பூங்கோதைக்கு வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன், பிரசவம். நான் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு நாள் விடுப்பு தரவும்.'

அம்மா படித்தார். நான் நின்றேன்.

"மகளா?"

"ஆமாங்க."

"மகளே இல்லைன்னு கேட்டுல நின்னு சொன்னியே. அத்தன பேரு முன்னால."

"சொன்னனுங்."

"எம் முகத்தக் காப்பாத்தத்தான் நீ அப்பிடிச் சொன்னேன்னு அன்னைக்கு நெனச்சேன். அதனால நானும் வாய மூடீட்டு இருந்துட்டேன். அந்தப் புள்ள எதுக்குப் போச்சுன்னு நானாச்சும் கேட்டிருக்கோணும். கேக்கல." கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார். "அன்னைக்கு வெந்த இட்லி போனாப் போகுது. பாத்திரத்துக்கு என்ன பண்ணறது, அதச் சொல்லு. ஆலைக்காரருக்கு வாக்குக் குடுத்திருக்கறேன்."

"எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டுப் போறனுங்."

"எல்லாத்தையுமா? ஒரு நாளைலயா?" சிரித்துவிட்டார். "இந்த ஏழு வரிக்கே பொழுது சாஞ்சு போச்சு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாரு. எனக்குப் புரியற மாதிரி இருந்தா நீ போ."

புரியவில்லை என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆவணி 13, வியாழன்

நேற்று இரவு முழுக்க, விடிந்த பிறகும் எழுதினேன். இருபத்திரண்டு வருடம் தலைக்குள் இருந்தது ஒவ்வொன்றாகத் தாளுக்கு வந்தது. சிலதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், டீச்சர் பார்ப்பதற்கு.

பெரிய அண்டா ஒன்பது. மூன்றாவதின் காதில் வெடிப்பு. அதில் தண்ணீர் மட்டும் ஊற்றவும், சாம்பார் வேண்டாம்.

ஜல்லிக்கரண்டி கதவுக்குப் பின்னால் ஆணியில். மாஸ்டர் கேட்டால் நான்கு கொடுக்கவும். ஆறு என்பார். நான்கு போதும்.

மோட்டார் முதல் தடவை ஓடாது. திட்டாமல் இரண்டாம் தடவை போடவும்.

மாப்பிள்ளை அறை மின்விசிறி சத்தம் போடும். கல்யாணத்தன்று யாரும் கவனிப்பதில்லை.

பெண் அறையின் பின்கதவைப் பூட்டக் கூடாது. அதன் சாவி என்னிடமும் இருக்க வேண்டாம், யாரிடமும் இருக்க வேண்டாம். சித்திரையிலிருந்து அப்படித்தான்.

பதினொரு பக்கம் வந்தது. பதினொரு மணிக்கு அம்மா காரில் வந்தார். பாத்திர அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தார். மேனேஜர், "நாலாம் வரிசை ஓரத்துல என்னங்கம்மா?" என்று கேட்பார். அம்மா தாளைப் பார்த்து, "பாயசத் தவலை" என்பார். மேனேஜர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "இருக்குதுங்க!" என்று கத்துவார். இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி விளையாடினார்கள். நான் பஸ் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பின்கதவைப் பற்றிய வரியில் அம்மா நின்றார். அதை மட்டும் சத்தமாகப் படிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

கடைசித் தாளையும் முடித்து எல்லாவற்றையும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "சாவியக் குடு" என்றார்.

"யாருங்க பாத்துக்கறது?"

"நாந்தான். ஏன், எனக்குப் படிக்கத் தெரியாதா? வாசு, மாஸ்டர் ஆறு கேட்டா என்ன குடுக்கறது?"

"நாலுங்கம்மா."

"போ சென்னியப்பா. பஸ்ஸ உட்டுறாத."

இதை ஈரோடு பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். 'திண்டுக்கல்' என்ற போர்டை நானே படித்து ஏறப்போகிறேன். யாரிடமும் கேட்கவில்லை.

ஆவணி 14, வெள்ளி

நேற்று இருட்டுவதற்குள் திண்டுக்கல் வந்துவிட்டேன். லாட்ஜில் தூங்கவில்லை, படுத்திருந்தேன்.

காலை எட்டு மணிக்கு, கடிதத்தில் எழுதியிருந்த ஆஸ்பத்திரி. 'மகப்பேறுப் பிரிவு' என்ற பலகையைக் கண்டுபிடித்தேன். உள்ளே போக இருந்தேன். கதவில் 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத காலமாக இருந்தால் நேராக உள்ளே போயிருப்பேன். படித்துவிட்டதால் நிற்க வேண்டியதாயிற்று.

வெளியே பெஞ்சு இருந்தது. கடிதத்தில் சொன்ன பெஞ்சு இதுதான் என்று உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவன் முழங்காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலையில் நரை. என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பிறகு எழுந்து நின்றுகொண்டான்.

"மாமா?" என்றான்.

அந்தோணிராஜ். ஏணி மேல் ஏறி நின்ற ஒல்லிப் பையன்தான் என் நினைவில் இருந்தான்.

"உக்காருங்க தம்பி" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவன் உட்காரவில்லை. டீ வாங்கி வந்தான். சர்க்கரை அதிகம். குடித்துவிட்டேன்.

அவன் கதவைத் திறந்த நர்ஸிடம் ஓடினான். "சிஸ்டர், பூங்கோதைகிட்டச் சொல்லுங்க, அவங்க அப்பா வந்து வெளிய உக்காந்திருக்காருன்னு. மறக்காமச் சொல்லுங்க சிஸ்டர்." அந்த அம்மா, "சொல்றேன், சொல்றேன், கதவ விடுங்க" என்று அதட்டிக்கொண்டே போனார். திரும்பி வந்து, "சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்குது. என்ன சட்டை போட்டிருக்காருன்னு கேட்டுட்டு வரச் சொல்லுது" என்றார்.

"காக்கி" என்றேன். மண்டபத்துச் சட்டையோடுதான் வந்திருந்தேன்.

அவர், "காக்கியாம்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே உள்ளே போனார். கதவு மூடுவதற்குள் அவள் அழும் சத்தம் கேட்டது. பதினொரு வருடம் ஆனாலும் எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்.

பத்து மணி ஐம்பது நிமிடத்துக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு. தாய்க்குச் சர்க்கரை ஏறிவிட்டது, பொறுங்கள் என்றார்கள். பொறுத்தோம். அந்தோணிராஜ் மாதாவைக் கும்பிட்டான். நான் சென்னிமலை முருகனைக் கும்பிட்டேன். மூன்று மணிக்கு, பயமில்லை என்றார்கள். மேலே எழுத முடியவில்லை. தாள் நனைகிறது.

ஆவணி 15, சனி

பார்வையாளர் நேரத்தில் உள்ளே விட்டார்கள். பூங்கோதைக்குக் கன்னம் ஒட்டியிருக்கிறது. மூக்கு அவள் அம்மாவுடையது. இரண்டு பேரும் முதலில் குழந்தையைப் பற்றி மட்டும் பேசினோம். அவள் கண்ணை மூடியதும் நோட்டை எடுத்தேன்.

"என்னப்பா பண்றீங்க?" தூங்கவில்லை போலிருக்கிறது.

"எழுதறன் கண்ணு."

"நீங்களா?" கையை நீட்டி வாங்கினாள். ஒரு பக்கம் படித்தாள். இன்னொரு பக்கம் படித்தாள். முகம் மாறியது. "அப்பா... அந்தக் கடுதாசியெல்லாம்?"

"பன்னெண்டும் படிச்சுட்டேன்."

"எல்லாமா?"

"ஆறாவதுல என்னையக் கல்லுன்னு எழுதியிருக்கறே. ஏழாவதுல அதுக்கு மேல."

போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து பேசினாள். "நீங்க படிக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதானப்பா அப்படியெல்லாம் எழுதுனேன். படிப்பீங்கன்னா ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன்."

"நல்லவேளை, எனக்குப் படிக்கத் தெரியாமப் போச்சு" என்றேன்.

போர்வைக்குள் சிரித்தாள். தையல் வலித்திருக்க வேண்டும், "ஐயோ, சிரிக்க வெக்காதீங்கப்பா" என்று திட்டினாள். பதினொரு வருடம் கழித்து என்னைத் திட்டினாள்.

"எத்தனை நாள் லீவு?"

"ரெண்டு நாளு. முடிஞ்சு போச்சு. நாளைக்குக் கெளம்போணும்."

குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். சரியாக இருந்த துணிதான் அது.

வெளியே வந்து சரஸ்வதி அம்மாவுக்குப் போன் போட்டேன். கல்யாணம் நன்றாக நடந்ததாம். மாஸ்டர் ஆறு ஜல்லிக்கரண்டி கேட்டு அம்மாவிடம் திட்டு வாங்கினாராம். "எழுதி வெச்சிருக்கு, நாலுதான்னு சொன்னேன். ஆள் வாயடைச்சுப் போயிட்டான்" என்று குழந்தை மாதிரிச் சொன்னார். புள்ள எப்படி, பேத்தி எப்படி, யார் சாயல் என்றெல்லாம் கேட்டார். பிறகு, "எப்ப வர்றே?" என்றார்.

நாளைக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இன்னும் நாலு நாள் வேணுங்கம்மா. எம் மக பச்ச ஒடம்பு" என்று வந்துவிட்டது. எழுதிக் கொடுக்காமல், பேனா இல்லாமல், வாயாலேயே சொல்லிவிட்டேன். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகவா சொன்னேன்?

"அடுத்த முகூர்த்தம் ஆவணி இருவது. அதுக்கு மொத நாள் வந்து சேரு" என்றார் அம்மா.

உள்ளே போய்ச் சொன்னேன். பூங்கோதை குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

டீச்சர், நாளைக்கு வகுப்புக்கு வர முடியாது. ராக்கம்மாளிடம் சொல்லிவிடுங்கள். குழந்தை இப்போது என் இடது கையில் தூங்குகிறாள். அசைந்தால் விழித்துக்கொள்வாள், அதனால் நோட்டை முழங்காலில் வைத்து இதுவரை எழுதிவிட்டேன். இனி இரண்டு கையும் வேண்டும். மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன்.